ஓரத்தில் நிற்கிறவர்

அப்பா இறந்த மறுநாள் காலை அம்மா என்னிடம் ஒரு போட்டோ கேட்டாள்.

“மாலை போடற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுடா. எப்பப் பாரு கேமராவும் கையுமாத்தானே சுத்துற.”

2023 டிசம்பர் கடைசி. திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசல் பந்தலில் உறவினர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளறைக்குப் போய் லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். 2011இல் வாங்கிய முதல் கேமராவிலிருந்து அதுவரை எடுத்த பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள் அதில் இருந்தன. உட்கார்ந்து தேட நேரமில்லை. முகங்களை அடையாளம் கண்டு ஆள்வாரியாகப் பிரித்துக்கொடுக்கும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டேன். நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது.

அம்மா 312 படங்களில் இருந்தாள். அக்கா மகள் 160. கிரிவலப் பாதையில் நான் அடிக்கடி படம்பிடித்த, பெயர்கூடத் தெரியாத ஒரு தாடிக்காரச் சாது 41. அப்பா 9.

ஒன்பதில் ஐந்தில் கண்ணை மூடியிருந்தார். இரண்டு படங்கள் கல்யாண மேடையில் பத்துப் பேருக்கு நடுவில். ஒன்றில் வாய் நிறையச் சோறு. கடைசிப் படத்தில் அக்காவின் கை பாதி முகத்தை மறைத்திருந்தது.

கடைசியில் பீரோவிலிருந்து அவருடைய பழைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு தேரடி வீதியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். 2014இல் ஓய்வு பெற்றவர். அட்டையில் இருந்தது அதற்கும் பத்து வருடம் முந்தைய முகம். கழுத்துப் பக்கம் அலுவலக முத்திரை பதிந்திருந்தது. ஸ்டூடியோ அண்ணன் அதை ஸ்கேன் செய்து, முத்திரையை அழித்து, “கோட்டு போட்டுரலாமா சார்?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காக்கிச் சட்டையை மட்டும் வெள்ளையாக்கித் தந்தார். பின்னணிக்கு நீலம். ஒரு மணி நேரத்தில் அப்பா தயாரானார்.

இன்றும் கூடத்தில் அந்தப் படம்தான் தொங்குகிறது. நல்ல படம்தான். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒரு நிமிடம் அதைப் பார்த்துவிட்டு, “உங்க வீட்ல ஒரு போட்டோகிராஃபர் இருக்காரே” என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்ப்பதாக எனக்கே தோன்றிக்கொண்டிருக்கும்.

*

என்னிடம் அப்பாவின் முகம் இல்லாததற்கு என்னுடைய கொள்கைதான் காரணம். நான் கேண்டிட் எடுக்கிறவன். யாரையும் நிற்கவைத்து எடுக்க மாட்டேன். “இங்க பாருங்க” என்று சொன்னால் அந்தக் கணமே மனிதர் மறைந்து முகமூடி வந்துவிடும் என்று நம்பினேன். அதிலும் எனக்குப் பிடித்தது பெரிய நிலப்பரப்பில் சின்னதாக ஒரு மனிதர் இருக்கும் படம். மலை, வானம், தரிசு நிலம், நடுவில் விரல்நக அளவுக்கு ஓர் ஆள். பார்த்ததும் ஏதோ அர்த்தம் இருப்பதுபோலத் தோன்றும். பெரும்பாலும் அந்த அர்த்தத்துக்கு ‘தனிமை’ என்று பெயர் வைத்துவிடலாம். நானும் வைத்திருக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெங்களூருக்குத் திரும்பிய பிறகு, இரவுகளில் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கையால் தேட ஆரம்பித்தேன். மென்பொருள் தவறவிட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் வேலைக்குப் பக்கத்து வேலைதான் அது. அந்த நிரல் முதலில் படத்தில் முகம்போல ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய் என்று நாம் புரிந்துகொள்வதைப் போன்ற ஓர் ஒழுங்கு வேண்டும். கிடைத்தால் அந்த முகத்தை ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றும். இரண்டு முகங்களின் எண் வரிசைகள் நெருக்கமாக இருந்தால் ஒரே ஆள் என்று ஒரு கூடையில் போடும். ரொம்பச் சிறிய முகம், நிழலில் இருக்கும் முகம், முதுகைக் காட்டி நிற்கும் ஆள், இவர்களை எல்லாம் பெரும்பாலும் விட்டுவிடும். முகம் கிடைக்காத இடத்தில், அந்த நிரலைப் பொறுத்தவரை, ஆளே இல்லை.

அதாவது நான் ஆசை ஆசையாக எடுத்த வகைப் படங்கள் முழுவதும் அதற்குக் காலி நிலம். ஆயிரக்கணக்கான மனிதர்கள் மலையாகவும் புல்லாகவும் எண்ணப்பட்டு ஒதுக்கப்பட்டிருந்தார்கள்.

மூன்றாவது வாரம் கிடைத்தார்.

2017 அக்டோபர் 1, ஞாயிறு, காலை 7.42 என்று கோப்பில் பதிவாகியிருந்தது. ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பௌர்ணமிக்கு நான்கு நாள் இருந்தது. அப்பா பௌர்ணமியில் கிரிவலம் போகவே மாட்டார். முப்பது வருடம் பௌர்ணமி ஸ்பெஷல் பஸ்ஸிலும் தீபத்து ஸ்பெஷல் பஸ்ஸிலும் டூட்டி பார்த்தவர். “கூட்டத்த பாத்ததெல்லாம் போதும். மலைய பாக்கணும்னா கூட்டம் இல்லாதப்போ போவணும்” என்பார். அன்று விடியலில் கிளம்பினோம். செங்கம் சாலையிலிருந்து வலப்பக்கம் திரும்பி, நிருதி லிங்கம், வருண லிங்கம் தாண்டி, அடி அண்ணாமலை.

14 கிலோமீட்டர் சுற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும் ஊர் அது. மலைக்கு மேற்கே இருக்கிறது. கோபுரங்களோடு சேர்த்து நாம் காலண்டரில் பார்க்கும் மலை கிழக்கேயிருந்து தெரிவது. அடி அண்ணாமலையிலிருந்து பார்த்தால் அதே மலையின் முதுகு. இங்கேயும் ஆதி அண்ணாமலையார் கோயில் இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று அவருக்கும் தனியாக ஒரு கோயில் இருக்கிறது. ஆனால் சுற்றுகிறவர்களில் பாதிப் பேர் இங்கே கால் வலித்து டீ குடிக்க உட்காருவார்கள். அவ்வளவுதான் ஊரோடு அவர்களுக்குத் தொடர்பு.

அந்தப் படத்தில் பாதையை விட்டு உள்ளே தள்ளி ஒரு தரிசு. எட்டு வெள்ளாடுகள். அவற்றின் பின்னால் கையில் குச்சியோடு ஒரு வயதான அம்மா, முக்கால்வாசி முதுகைக் காட்டி நடக்கிறார். அவருக்கு மேலே மலை. உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த படம். என் படங்களிலேயே அதிகம் பேர் விரும்பியது. இன்ஸ்டாகிராமில் ‘தனிமை’ என்ற ஒற்றைச் சொல்லோடு போட்டிருந்தேன்.

ஆனால் நான் போட்டது வெட்டிய படம். இப்போது திறந்திருந்தது மூலக்கோப்பு. அதன் இடது ஓரத்தில் ஒரு புளியமரம் இருந்தது. மரத்தடியில் வெள்ளையாக ஒரு புள்ளி. பெரிதாக்கினேன்.

அப்பா.

6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அவர் உயரம் தொண்ணூறு பிக்சல்தான் இருக்கும். தலை பன்னிரண்டு. அதில் கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது, ஒரு பழுப்புச் சதுரம். ஆனால் சந்தேகமே இல்லை. கால்களை அகட்டி வைத்து நிற்கிறார். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்துப் பழகியவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். தரையில் நின்றாலும் தரை எப்போது வேண்டுமானாலும் பிரேக் போடும் என்பதுபோல. இடது அக்குளில் என் கேமரா பை. தோல் பையை வைத்திருந்த அதே இடம்.

எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

அவரை வெட்டித்தான் அந்தப் படத்தில் தனிமையைக் கொண்டுவந்திருக்கிறேன்.

*

அதன் பிறகு பல நாட்கள் நான் படம் எடுக்கவில்லை. படம் எடுத்தவர்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன்.

திருவண்ணாமலை நிறையப் படம்பிடிக்கப்பட்ட ஊர். அபுல் கலாம் ஆசாத்தின் முன்முயற்சியில் ‘புராஜெக்ட் 365’ என்று ஒளிப்படக்கலைஞர்கள் பலர் சேர்ந்து இந்த ஊரின் அன்றாடத்தை ஓராண்டு பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் ஊரில் எந்த ஆட்டோவில் ஏறினாலும், எந்த மளிகைக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் பார்த்தாலும் இருக்கிற படம் ஒன்றுதான். 1946இல் வெல்லிங் எடுத்த ரமணரின் முகம். நேராக நம்மைப் பார்க்கும் கண்கள், லேசான புன்னகை. என் அகராதிப்படி அது ‘இங்க பாருங்க’ வகைப் படம். இன்னொரு வகையும் உண்டு. சென்னை மருத்துவர் டி.என். கிருஷ்ணசாமி போன்றவர்கள் ஆசிரமத்துக்கு வந்துபோகும்போது எடுத்தவை. ரமணர் கைத்தடியும் கமண்டலமுமாக மலைச்சரிவில் நடந்து வருகிற மாதிரியான படங்கள். பின்னால் பாறையும் புதரும். நான் எப்போதும் இரண்டாவது வகைக்கு ரசிகன். பக்தர்கள் ஏன் முதல் படத்தையே மாட்டுகிறார்கள் என்று ஒரு காலத்தில் இளக்காரமாக நினைத்திருக்கிறேன். வீட்டில் ஒருவர் செத்த பிறகு அந்தக் கேள்வி வருவதில்லை.

ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனும் இந்த ஊருக்கு வந்திருக்கிறார். கேண்டிட் எடுக்கும் எவருக்கும் அவர்தான் குலதெய்வம். 1948 ஜனவரி 30 அன்று, காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைச் சந்தித்துப் படமெடுத்தவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணரின் கடைசி நாட்களை எடுத்தார். ஏப்ரல் 14 இரவு 8.47க்கு ரமணர் இறந்தபோது, வானத்தில் ஒரு பெரிய எரிநட்சத்திரம் மெதுவாக மலையை நோக்கிப் போனதைத் தான் பார்த்ததாகவும் உடனே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டதாகவும் சொல்லியிருக்கிறார். அந்த ஒளியின் படம் எதையும் நான் பார்த்ததில்லை. உலகத்திலேயே கணத்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர், அந்தக் கணத்தில் மற்றவர்களைப் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டு வருடம் கழித்து, 1952இல், அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வந்தது. ஆங்கிலத்தில் அதற்கு ‘தீர்மானமான கணம்’ என்று பொருள்படும் தலைப்பு. நாங்கள் எல்லோரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தெருத்தெருவாக அலைந்தோம். ஆனால் பிரெஞ்சு மூலத்தின் தலைப்பு ‘இமாழ் ஆ லா சொவெத்’. ‘ஆ லா சொவெத்’ என்பது உரிமம் இல்லாமல் தெருவில் கடை விரித்து, போலீஸ் வந்தால் சுருட்டிக்கொண்டு ஓடுகிற வியாபாரத்துக்குச் சொல்வது. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் தார்ப்பாயில் ருத்திராட்சமும் பிளாஸ்டிக் பொம்மையும் விரித்திருப்பவர்களை நினைத்துக்கொண்டேன். ஜீப் வந்தால் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து ஒரே மூட்டையாகத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தீர்மானமான கணம் என்று சொன்னால் எடுப்பவன் ஞானி. சொவெத் என்று சொன்னால் அவன் எதையோ அவசரமாக அள்ளிக்கொண்டு ஓடுகிறவன். என்னுடைய பதினோராயிரத்தைப் பார்த்தபோது இரண்டாவதுதான் எனக்குப் பொருந்துவதாகத் தோன்றியது.

நிலமும் மனிதரும் என்ற விஷயத்தில் நமக்கு வேறொரு பாடம் உண்டு. பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துபோன திணைதான். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், விலங்கு, பறை, தொழில், அங்கே வாழும் மக்கள் எல்லாம் கருப்பொருள். மனதில் நடப்பது உரிப்பொருள். பெரிய மலை, அதன்முன் அற்பமான மனிதன் என்ற கணக்கே அதில் கிடையாது. ஆடும் ஆளும் மழையும் ஒரே சட்டகத்துக்குள் ஒன்றையொன்று சொல்லிக்கொண்டு நிற்கும். அப்படிப் பார்த்தால் என் படம் முல்லை. காட்டோரத் தரிசு. கால்நடை மேய்க்கிறவர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், எடுத்ததோ புரட்டாசி. பெரும்பொழுதுகூடச் சரியாக இருந்தது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். வரும்வரை காத்திருப்பது.

அந்த உரிப்பொருள்தான் இடது ஓரத்தில், புளியமரத்தடியில், என் பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தது. வெட்டியது போக மிச்சமிருந்தது வெறும் மலை, ஆடு, ஓர் அம்மா. அதற்கு நான் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்தேன்.

*

அப்பாவின் முதல் வருடத் திதிக்கு 2024 டிசம்பரில் ஊருக்குப் போனேன். வெட்டாத படத்தை இரண்டு பிரதி பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன்.

அம்மாவிடம் ஒன்றைக் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்தாள், ஆடுகளைப் பார்த்தாள். பத்து விநாடிகூட இருக்காது.

“இவர் எதுக்கு இங்க நிக்கறாரு?” என்றாள்.

உயிரோடு இருப்பவரைக் கேட்பதுபோலவே கேட்டாள்.

திதி முடிந்த மறுநாள் காலை இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த மாதம் ஊர் வேறு மாதிரி இருந்தது. டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையின் ஒரு பகுதி சரிந்து வ.உ.சி. நகர் வீடுகள்மேல் விழுந்து ஏழு பேர் இறந்துபோயிருந்தார்கள். ஊருக்குள்ளிருந்து பார்த்தாலே பச்சைக்கு நடுவில் செம்மண் தடம் தெரிந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்தவர்கள் சாலையில் நின்று அதைப் போனில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்து, “வ் மாதிரி இருக்கு பாரு” என்றுகூட ஒருவர் சொன்னார். உச்சியில் தீபம் ஏற்றி பதினொரு நாள் முடிந்திருக்கவில்லை, அந்தக் கொப்பரைக்கும் தடத்துக்கும் சேர்த்து ஒரே சட்டகம் வைத்துக்கொண்டிருந்தார் இன்னொருவர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஐந்து வருடம் முன்னால் என்றால் நானும் அங்கேதான் நின்றிருப்பேன். மலையைப் பின்னணி என்று நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு, அதன் அடியில் வீடு வைத்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்பது உறைப்பதே இல்லை.

அடி அண்ணாமலையில் மார்கழிப் பாட்டு ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. டீக்கடையில் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் ஆட்டைப் பார்த்தே ஆளைச் சொன்னார். “இது அந்தப் பின்சந்து ஆயா ஆடு. வூட்லதான் இருக்கும், போங்க.”

ஆயா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆடுகள் இரண்டுதான் கட்டியிருந்தன. நான் யார் என்று சொல்லி, ஏழு வருடத்துக்கு முன் அவரைக் கேட்காமல் ஒரு படம் எடுத்தேன் என்றும் சொல்லி, நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

அவர் என்னைப்போல நடுவிலிருந்து பார்க்கவில்லை. ஆடுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார்.

“இதோ பின்னாடி நடக்க முடியாம நடக்குது பாரு, இது சினை. அன்னிக்கு சாயங்காலமே குட்டி போட்டுச்சு. ரெண்டு. ஒண்ணு நிக்கல.” விரல் நகர்ந்தது. “மலையில மேகம் எறங்கியிருக்குது. அதான் சீக்கிரமே ஓட்டிக்கினு வர்றேன். மழை வந்தா இவளுங்கள புடிக்க முடியாது.”

நான் தனிமை என்று பெயர் வைத்த நடை அது. சினை ஆட்டை மழைக்கு முன் வீடு சேர்க்கும் நடை.

விரல் இடது ஓரத்துக்குப் போய் நின்றது. படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“இது அந்தக் கண்டக்டர் இல்ல?”

எனக்குப் பேச்சு வரவில்லை. “எப்படி ஆயா தெரியும்?” என்றேன். என் மென்பொருள் நாற்பது நிமிடம் தேடி விட்டுவிட்ட ஆள்.

“காலை அகட்டிக்கினு நிக்கறதப் பாரு. செங்கம் போற பஸ்ல வருவாரே. சந்தைக்கு ஆட்டுக்குட்டி எடுத்துக்கினு போனா, மடியிலதான் வெச்சிருப்பேன், அதுக்கும் லக்கேஜ் டிக்கெட்டு போட்டுடுவாரு. எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டாரு. ‘ரூல்ஸு ரூல்ஸு’ன்னுவாரு.” இன்னும் அந்தக் காசு கணக்கில் இருப்பதுபோலச் சொன்னார். பிறகு சிரித்தார். “அன்னிக்கும் அந்தாளுதான் வந்து சொன்னாரு. ‘எம் பையன் படம் புடிக்கறான், நீ அவனப் பாக்காம போ, பாத்தா அவனுக்குப் புடிக்காது’ன்னு. ‘யோவ், லக்கேஜ் காசக் குடு, பாக்காம போறேன்’னேன். டீக்கடையில எனக்கு டீக்கு சொல்லிட்டுப் போனாரு.”

“உங்கப்பாவா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நல்லா இருக்காரா?”

போன வருடம் இறந்துவிட்டார் என்றேன். ஆயா படத்தைக் கீழே வைக்கவில்லை. “ரூல்ஸு பேசற ஆளு” என்று மட்டும் சொன்னார்.

நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையின் சிறந்த கேண்டிட் படம், கேண்டிட்டே இல்லை. யாரையும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல் எடுத்தேன் என்று நான் பெருமைப்பட்ட கணத்தை, நாற்பதடி தள்ளி நின்று ஒருவர் கேட்டு, பேரம் பேசி, டீ வாங்கிக் கொடுத்து ஏற்பாடு செய்திருக்கிறார். இப்படி எத்தனை படங்களில் செய்தார் என்று தெரியாது. அவர் என்னிடம் ஒருமுறைகூட இதைச் சொன்னதில்லை. ஒருவேளை சொல்கிற விஷயமாகவே அவருக்குத் தோன்றியிருக்காது. பஸ்ஸில் ஐம்பது பேரை நெருக்கியடித்து ஏற்றி, யாருக்கும் கோபம் வராமல் உள்ளே நகர்த்துகிறவருக்கு இது ஒரு வேலையா.

ஆயா என்னை நேராகப் பார்க்காமல் போனது எனக்கு யாரோ கொடுத்த சலுகை. அந்தச் சலுகையை நான் தனிமை என்று வாசித்தேன். ஏழு வருடம் ஆனது, இரண்டு பேரும் படத்துக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிய. இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு அமைதியே தெரிவதில்லை. லக்கேஜ் காசு, ரூல்ஸு, டீ என்று ஒரே சத்தமாக இருக்கிறது.

கிளம்பும்போது ஆயா கேட்டார்: “இதுல எம் மூஞ்சே இல்லையே. மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடு. நாளைக்கு செத்தா மாட்டறதுக்கு வேணும். எம் பொண்ணு போன்ல எடுத்தது எல்லாம் கோணலு கோணலா கீது.”

உள்ளே போனவர் வரக் கால்மணி நேரம் ஆனது. தலையில் தண்ணீர் தொட்டுச் சீவி, மாம்பழ நிறத்தில் பெட்டி மடிப்புக் கலையாத புடவை கட்டியிருந்தார். பிளாஸ்டிக் சேரைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தார். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். நான் வியூஃபைண்டரில் பார்த்தேன். இத்தனை வருடம் நான் எதிலிருந்து ஓடினேனோ அது அப்படியே எதிரில் இருந்தது. விறைத்த தோள்கள், மூடிய வாய், தயாராகிவிட்ட ஒரு முகம். அதில் ஒளிந்துகொள்வது எதுவும் இல்லை. இப்படித்தான் என்னை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் தானே முடிவு செய்து உட்கார்ந்திருந்தார்.

“சிரிக்கணுமா?”

“உங்க இஷ்டம் ஆயா.”

சிரிக்கவில்லை.

“பின்னாடி மலை தெரியுதா?”

“இல்ல ஆயா, செவுருதான் தெரியுது.”

எழுந்தார். “சேரைத் திருப்பு. மலை வரட்டும்.”

சேரைத் தெருப்பக்கம் இழுத்துப் போட்டேன். அவருக்குப் பின்னால் மேற்குப் பக்கத்து மலை முழுதாக வந்தது. மேகம் இல்லை. ஆயா மறுபடி கைகளை முழங்கால்மேல் வைத்தார்.

“இங்க பாருங்க ஆயா” என்றேன்.

பார்த்தார்.

பொங்கலுக்குப் போனபோது பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு எடுத்துப் போனேன். வாசல் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். காதோரம், புடவைக் கரை, மலை உச்சி எல்லாம் விரல் வைத்துப் பார்த்தார். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்குது” என்றார். “ஒரு ஆடாவது வந்திருக்கலாம்.”